ஐசியூ நோயாளிக்குப் பிக் லைன்: யாருக்குப் போடலாம், எத்தனை லூமென், நார்அட்ரினலின் ஓட்டலாமா?

ஐசியூ_டியூட்டி கேட்டது:

வணக்கம். எங்கள் ஐசியூவில் "சென்ட்ரல் லைன் ஒரு வாரம் தாண்டிவிட்டதா, எடுத்துவிட்டு பிக் லைன் போடு" என்பது பழக்கமாகி வருகிறது. (சென்ட்ரல் லைன் என்றால் கழுத்து போன்ற இடத்தில் பெரிய வெயின் வழியாக இதயத்துக்கு அருகே வரை போடும் கேத்திட்டர்; பிக் லைன் என்றால் மேல்கை வெயின் வழியாக அதே இடத்துக்குப் போகும் நீண்ட, மெல்லிய கேத்திட்டர்.) இது சரியா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு இப்படி ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம்.

58 வயது ஆண், 60 கிலோ, நெடுநாள் சர்க்கரை நோய். கடும் நிமோனியா, வென்டிலேட்டரில் 9வது நாள், நாளை மறுநாள் ட்ரக்கியாஸ்டமி. வலது கழுத்தில் மூன்று லூமென் (தனித்தனி உட்குழாய்) சென்ட்ரல் லைன், போட்டு 9 நாள். போட்ட இடம் சுத்தமாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. நார்அட்ரினலின் (பிரஷரை ஏற்றும் மருந்து) 0.08 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம், குறைந்துகொண்டே வருகிறது. மெரோபெனம் இன்னும் ஒரு வாரம் போக வேண்டும். பிளேட்லெட் 42,000. கிரியாட்டினின் இப்போது 2.3, அட்மிஷனுக்கு முந்தைய ஆறு மாத ரிப்போர்ட்டுகளில் 1.9. வலது மேல்கையில் பேசிலிக் வெயின், டூர்னிகே (கையை இறுக்கும் பட்டை) கட்டாமல் அளந்தால் 3.4 மி.மீ.

ஸ்டோரில் இருப்பது 5 ஃபிரெஞ்ச் (கேத்திட்டரின் தடிமன் அளவு) இரண்டு லூமென், 6 ஃபிரெஞ்ச் மூன்று லூமென். மருந்துகள் நிறைய ஓடுவதால் 6 ஃபிரெஞ்சையே போடலாம் என்கிறார்கள். போடலாமா? அதில் நார்அட்ரினலின் ஓட்டலாமா, சிவிபி (மைய வெயின் அழுத்தம்) பார்க்கலாமா? பிரஷர் இறங்கினால் வேகமாக ஃப்ளூயிட் கொடுக்க அது போதுமா?

---

இன்டென்சிவிஸ்ட்_மதுரை எழுதியது:

டாக்டர், முதலில் அந்தப் பழக்கத்தைப் பற்றி. நாள் கணக்கை மட்டும் பார்த்து சென்ட்ரல் லைனை மாற்ற வேண்டியதில்லை. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றுவதால் இன்ஃபெக்‌ஷன் குறைவதில்லை, புதிதாகக் குத்துவதன் ஆபத்துதான் சேர்கிறது. தேவை முடிந்தால் எடுங்கள், இன்ஃபெக்‌ஷன் வந்தால் எடுங்கள், வேலை செய்யாவிட்டால் எடுங்கள். சுத்தமாக இருக்கும் 9 நாள் லைனுக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தவில்லை.

"கையில்தானே போடுகிறோம், அதனால் பாதுகாப்பு" என்ற எண்ணம்தான் இங்கே சிக்கல். குத்துவது கையில் என்றாலும் நுனி போய் உட்காருவது இதயத்துக்குப் போகும் அதே பெரிய வெயினில், சுப்பீரியர் வீனா கேவாவில். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளை எடுத்துக்கொண்டால் பிக் லைனின் ரத்த இன்ஃபெக்‌ஷன் விகிதம் சாதாரண சென்ட்ரல் லைனுக்கு ஏறத்தாழ சமம். வீட்டுக்குப் போய் மருந்து எடுப்பவர்களிடம்தான் அது நன்றாகக் குறைகிறது. ரத்தம் உறைவதிலோ நிலைமை நேர்மாறு. 2013இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வின்படி, பிக் லைனில் கை, கழுத்துச் சிரைகளில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு சென்ட்ரல் லைனைவிடச் சுமார் 2.5 மடங்கு. ஐசியூ நோயாளிகளும் கேன்சர் நோயாளிகளும்தான் அதில் அதிகம் அடிபட்டவர்கள்.

2015இல் வந்த மிச்சிகன் வழிகாட்டி, சுருக்கமாக மேஜிக், இதை நாள் கணக்கில் பிரிக்கிறது. கடும் நோயாளிக்கு 14 நாள் வரை தேவை என்றால் சாதாரண சென்ட்ரல் லைன், 15 நாளோ அதற்கு மேலோ என்றால் பிக் லைன். கேட்க வேண்டிய கேள்வி "போட்டு எத்தனை நாள் ஆச்சு" அல்ல, "இனி எத்தனை நாள் வேண்டும்".

பிக் லைனுக்கு உண்மையான அனுகூலம் உள்ள இடங்களும் உண்டு. பிளேட்லெட் மிகக் குறைந்தவருக்குக் கையில் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம், காலர் எலும்புக்கு அடியில் இருக்கும் சப்கிளேவியன் வெயினில் அது முடியாது. தலையைத் தாழ்த்திப் படுக்க முடியாதவர், கழுத்தில் தீக்காயம் உள்ளவர், குப்புறப் படுக்க வைத்து வென்டிலேட்டர் ஓட்டுபவர், ட்ரக்கியாஸ்டமி சளி கழுத்து டிரெஸ்ஸிங்கை எப்போதும் நனைப்பவர், இவர்களுக்கெல்லாம் யோசிக்கலாம். நிமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது) பயமும் இல்லை.

வேகமாக ஃப்ளூயிட் கொடுக்க பிக் லைன் ஆகாது. 40 செ.மீ. நீளம், அதற்குள் மெல்லிய லூமென். நீளம் கூடக் கூட ஓட்டம் அதே அளவில் குறையும், உள்விட்டம் குறைந்தாலோ நான்கின் அடுக்கில் விழும். கையில் ஒரு 16 ஜி கேனுலா தரும் ஓட்டத்தில் ஒரு சிறு பங்குதான் பிக் லைனில் கிடைக்கும். "300 பிஎஸ்ஐ தாங்கும்" என்று லேபிளில் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சிடி கான்ட்ராஸ்ட் இன்ஜெக்டருக்கு, வினாடிக்கு 5 மி.லி. தள்ளுவதற்கு. நம் பிரஷர் பேக் 300 மி.மீ. மெர்க்குரிக்கு ஊதினாலும் அது 6 பிஎஸ்ஐகூட வராது. பிரஷர் இறங்கும் வாய்ப்புள்ளவருக்குப் பிக் லைன் இருந்தாலும் ஒரு பெரிய கேனுலா தனியாக இருக்கட்டும்.

சிவிபி: நுனி திறந்த வகையாக இருந்தால், மெதுவான ஃப்ளஷ் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கலாம். வால்வு உள்ள வகையில் பார்க்கக் கூடாது, வால்வு மூடியிருப்பதால் எண் பொய் சொல்லும்.

---

வாஸ்குலர்_ஆக்ஸஸ்_கோவை எழுதியது:

சைஸ் விஷயத்தை நான் சொல்கிறேன். 6 ஃபிரெஞ்ச் வேண்டவே வேண்டாம்.

1 ஃபிரெஞ்ச் = 0.33 மி.மீ. அப்படியானால் 4 ஃபிரெஞ்ச் 1.33, 5 ஃபிரெஞ்ச் 1.67, 6 ஃபிரெஞ்ச் 2 மி.மீ. வெளிவிட்டம். கேத்திட்டர் வெயினின் விட்டத்தில் 45 சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. 3.4 மி.மீ. வெயினில் 6 ஃபிரெஞ்ச் 59 சதவீதம், 5 ஃபிரெஞ்ச் 49 சதவீதம், 4 ஃபிரெஞ்ச் 39 சதவீதம். ஆக ஸ்டோரில் இருக்கும் இரண்டுமே இவருக்குப் பெரிது. 5 ஃபிரெஞ்சுக்குக் குறைந்தது 3.7, 6 ஃபிரெஞ்சுக்கு 4.5 மி.மீ. வெயின் தேடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது என்று இன்னும் கண்டிப்பாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கு சுலபம்: எத்தனை ஃபிரெஞ்சோ, வெயின் அத்தனை மி.மீ.

அளக்கும்போது டூர்னிகே கட்டக் கூடாது, புரோபை அழுத்தவும் கூடாது. கட்டினால் வெயின் ஊதி 1 மி.மீ. கூடுதலாகக் காட்டும், அந்த அளவை நம்பிப் போட்டால் அவிழ்த்ததும் ரத்தம் ஓட இடம் இருக்காது. குளிர்ந்த கையும் அதிக டோஸ் நார்அட்ரினலினும் வெயினைச் சுருக்கிவிடும், அதனால் ஷாக் தணிந்த பிறகு அளப்பதே நல்லது.

"மருந்து நிறைய, அதனால் மூன்று லூமென்" என்பதும் சரியில்லை. லூமென் கூடக் கூட இன்ஃபெக்‌ஷனும் ரத்தக்கட்டியும் கூடும். மருந்துகளை ஒரு தாளில் எழுதி, எதெது ஒன்றோடொன்று சேரும், எதெது கேனுலாவிலேயே போகும் என்று பிரித்துப் பாருங்கள். மூன்று கேட்ட இடத்தில் பெரும்பாலும் இரண்டு போதும், பல சமயம் ஒன்றே போதும்.

இடம்: முழங்கையின் உட்பக்க எலும்பு முனையிலிருந்து அக்குள் மடிப்பு வரை சுமார் 21 செ.மீ. வரும். அதை ஏழேழாக மூன்று பாகமாக்கி நடுப் பாகத்தில் வெளியே வர வேண்டும். கீழ்ப் பாகத்தில் வெயின் சிறிது, முழங்கை மடிய மடிய இழுபடும். மேல்பாகம் அக்குள், வியர்வையும் ரோமமும். நடுவில் வெயின் சிறிதாகவும் மேலே பெரிதாகவும் இருந்தால், மேலே குத்திவிட்டு தோலுக்கு அடியில் டனல் செய்து நடுப் பாகத்தில் வெளியே கொண்டுவரலாம்.

முதல் தேர்வு பேசிலிக். பிரேக்கியல் வெயின் ஆர்ட்டரியின் இரு பக்கமும் ஒட்டிக் கிடக்கும், மீடியன் நரம்பும் அங்கேயே இருக்கும். தேன்கூடு மாதிரி புள்ளிபுள்ளியாகத் தெரிவதுதான் நரம்பு. விழித்திருக்கும் நோயாளி "கை ஷாக் அடிக்குது" என்று சொல்லிவிடுவார், செடேஷனில் இருப்பவர் சொல்ல மாட்டார். அதனால் ஐசியூவில் ஊசி நுனியைத் திரையில் பார்க்காமல் ஒரு மி.மீ.கூட முன்னே போகக் கூடாது. பக்கவாதம் வந்த கை, அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்த பக்கம், பேஸ்மேக்கர் இருக்கும் பக்கம், இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கையை உடம்பிலிருந்து 90 டிகிரி விரித்து, குத்தும் இடத்திலிருந்து வலது காலர் எலும்பின் உள்முனை வரை, அங்கிருந்து கீழே மூன்றாவது விலா இடைவெளி வரை அளக்கவும். 2 சதவீத குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் 30 வினாடி தேய்த்து, தானாகக் காய விடவும். ஒற்றி எடுக்கவோ விசிறவோ வேண்டாம். தலை முதல் கால் வரை டிரேப். 21 ஜி ஊசி, 0.018 வயர். வயர் தோளைத் தாண்ட வேண்டியதில்லை, தாண்டினால் இதயத்தைக் குத்தி எக்டாபிக் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) வரும். பீல்-அவே ஷீத் போட்ட பின் கேத்திட்டரை 2, 3 செ.மீ. ஆகப் பொறுமையாக ஊட்டுங்கள், ரத்த ஓட்டமே அதை இழுத்துப் போகட்டும். வேகமாகத் தள்ளினால்தான் சுருளும், கழுத்துக்கு ஏறும்.

கழுத்துக்கு ஏறுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. டியூப் போட்ட நோயாளியின் தாடையைத் தோள்பக்கம் திருப்பிப் பிடிப்பது சிரமம், பதிலாக உதவியாளர் அந்தப் பக்க ஜுகுலரை (கழுத்து வெயின்) அல்ட்ராசவுண்ட் புரோபால் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தால் போதும். முழுதும் உள்ளே போனதும் அதே புரோபில் ஜுகுலரைப் பாருங்கள், உள்ளே வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று. பிறகு குலுக்கிய சலைன் 10 மி.லி. தள்ளி, விலா எலும்புக்குக் கீழிருந்து எக்கோ பாருங்கள். 2 வினாடிக்குள் வலது ஏட்ரியத்தில் குமிழிகள் மின்னினால் நுனி சரியான பக்கம் இருக்கிறது.

ஈசிஜி முறை கைவசம் இருந்தால் அதுவே சிறந்தது. நுனி இறங்க இறங்க பி வேவ் உயரும், ஏட்ரியம் தொடங்கும் இடத்தில் உச்சம் தொடும், உள்ளே போனால் பாதி கீழே திரும்பும். திரும்பினால் உச்சம் மீண்டும் வரும்வரை 1, 2 செ.மீ. பின்னிழுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் வழக்கமான பி வேவ் இருக்காது, அப்போது எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் கரைனாவுக்கு (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) கீழே சுமார் இரண்டு முதுகெலும்பு உயரம், ஏறத்தாழ 4 செ.மீ., நுனி இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும். விரித்த கையை மடக்கிக் கொண்டுவந்தாலே நுனி 2 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று. சில கேத்திட்டர்கள் ஹப் (வெளியே சிரிஞ்ச் பொருத்தும் முனை) பக்கம் தடித்துக்கொண்டே போகும். நீளத்தை வெட்டாமல் மொத்தத்தையும் உள்ளே தள்ளினால் அந்தத் தடித்த பாகம் வெயினுக்குள் உட்காரும், 45 சதவீதக் கணக்கு அதோடு போயிற்று.

---

சிறுநீரகம்_சென்னை எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் இந்த நோயாளிக்கு எந்தச் சைஸும் போடக் கூடாது.

கிரியாட்டினின் 2.3 இன்றைய எண், ஏறி இறங்கும்போது அதில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) கணக்கிட முடியாது. ஆறு மாதமாக 1.9 இருந்திருக்கிறது. 58 வயது ஆணுக்கு அது சுமார் 40. மூன்று மாதத்துக்கு மேல் 45க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோயின் நிலை 3பி, மேஜிக் வழிகாட்டியும் அங்கே பிக் லைனைத் தவிர்க்கச் சொல்கிறது. நாளை இவருக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ஆர்ட்டரியையும் வெயினையும் இணைப்பது) தேவைப்பட்டால் நமக்கு இருப்பது செஃபாலிக்கும் பேசிலிக்கும்தான். பிக் லைன் போன வெயின் உள்ளே தழும்பாகிச் சுருங்கும், மேலே மைய வெயினிலும் ஸ்டெனோசிஸ் (குறுகல்) வரலாம். எடுத்த பிறகு கையைப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஃபிஸ்டுலா போடும் நாளில்தான் தெரியும். அப்போது அந்தக் கை போனது போனதுதான். சப்கிளேவியனும் இதே காரணத்துக்காக வேண்டாம், மேல்கையில் மிட்லைனும் (அக்குள் வரை மட்டும் போகும் கேத்திட்டர்) வேண்டாம்.

இவருக்கு வழி எளிது. இருக்கும் ஜுகுலர் லைன் சுத்தமாக இருக்கிறது, நார்அட்ரினலின் நிற்கும் வரை அதுவே ஓடட்டும். நின்றதும் எடுத்துவிடுங்கள். மெரோபெனத்துக்குச் சென்ட்ரல் லைன் தேவையே இல்லை, புறங்கையில் ஒரு கேனுலா போதும். ரத்தம் எடுப்பதும் புறங்கையில் மட்டும். புறங்கையில் கிடைக்கவே இல்லை, மருந்தும் பல வாரம் வேண்டும் என்றால், ஜுகுலரில் 4 அல்லது 5 ஃபிரெஞ்ச் மெல்லிய கேத்திட்டரைப் போட்டு மார்புத் தோலுக்கு அடியில் டனல் செய்து வெளியே எடுக்கலாம். பிக் லைன் கேத்திட்டரையே நீளம் வெட்டி இதற்குப் பயன்படுத்தலாம். அதை இடது பக்கம் போட்டால் வலது ஜுகுலர் டயாலிசிஸ் கேத்திட்டருக்குக் காலியாக இருக்கும்.

பிக் லைன் கேட்டு வரும் ஒவ்வொரு படிவத்திலும் பழைய கிரியாட்டினின் எழுத ஒரு கட்டம் வையுங்கள், டாக்டர். அட்மிஷன் அன்று வந்த எண் அல்ல, அதற்கு முந்தையது.

---

ஐசியூ_டியூட்டி எழுதியது:

நன்றி சார், நன்றி மேடம். பழைய 1.9 இவ்வளவு முக்கியம் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இவருக்குப் பிக் லைன் இல்லை என்பது தெளிவு.

சரியான காரணத்தோடு பிக் லைன் போட்ட மற்ற நோயாளிகளுக்கு, நார்அட்ரினலின் ஓட்டும்போதும் லூமென் அடைத்தாலும் என்ன செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா? அடைத்த லூமெனை 2 மி.லி. சிரிஞ்சால் வேகமாகத் தள்ளுவதைப் பார்க்கிறேன்.

---

ஐசியூ_இன்சார்ஜ்_சிஸ்டர் எழுதியது:

டாக்டர், அந்த 2 மி.லி. சிரிஞ்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். சிரிஞ்ச் சிறிதாகச் சிறிதாக அழுத்தம் கூடும், அடைப்பு இருக்கும்போது கேத்திட்டர் கிழியும் அல்லது கட்டி உள்ளே போகும். பிக் லைனில் எப்போதும் 10 மி.லி. சிரிஞ்ச், மருந்து 1 மி.லி.தான் என்றாலும்.

நார்அட்ரினலின் பிக் லைனில் ஓட்டலாம், ஆனால் அதற்குத் தனி லூமென், சிவப்பு லேபிள், "ஃப்ளஷ் செய்யாதே" என்று எழுதி ஒட்டுங்கள். காரணம் கணக்கில் தெரியும். ஒரு லூமெனின் உள்கொள்ளளவு 0.6 மி.லி. என்று வைப்போம். 4 மி.கி. மருந்து 50 மி.லி. சிரிஞ்சில், அதாவது மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். உங்கள் 60 கிலோ நோயாளிக்கு 0.08 என்றால் மணிக்கு 3.6 மி.லி. அந்த லூமெனை ஒருவர் ஃப்ளஷ் செய்தால் 48 மைக்ரோகிராம், அதாவது 10 நிமிட டோஸ், ஒரே நொடியில் உள்ளே போகும். பிரஷர் 200ஐத் தாண்டும். இதே கணக்கை மறுபக்கம் பாருங்கள்: சலைன் நிரம்பிய புது லூமெனில் பம்பைத் தொடங்கினால் முதல் துளி மருந்து ரத்தத்தைத் தொடவே 10 நிமிடம். அதற்குள் பழைய லைனை நிறுத்தினால் பிரஷர் விழும்.

அதனால் லைன் மாற்றும்போது இரண்டு பம்ப். புது லூமெனில் அதே ரேட்டில் தொடங்கி, ஆர்ட்டீரியல் லைனில் பிரஷர் ஏறத் தொடங்கியதும் பழையதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். பழைய லூமெனிலிருந்து 2 மி.லி. உறிஞ்சி எறிந்த பிறகே ஃப்ளஷ். ரத்தம் வரவில்லை என்றால் ஃப்ளஷ் செய்யாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மற்ற லூமென்களில் மருந்துக்கு முன்னும் பின்னும் 10 மி.லி. சலைன், ரத்தம் எடுத்த பின் 20 மி.லி. ஒரே மூச்சில் தள்ளாமல் 1 மி.லி. தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ள வேண்டும். சிரிஞ்சில் கடைசி அரை மி.லி. இருக்கும்போதே கிளாம்ப் போட்டால் ரத்தம் பின்னேறாது. வால்வு வகைக்கு நிறுவனம் சொல்லும் வரிசையைப் பாருங்கள். ஹப்பை ஒவ்வொரு தடவையும் 15 வினாடி தேய்த்துக் காயவிட வேண்டும்.

ஒளிபுகும் டிரெஸ்ஸிங் 7 நாளுக்கு ஒருமுறை, காஸ் வைத்திருந்தால் 2 நாள், நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அப்போதே. தையல் வேண்டாம், ஒட்டும் பிடிப்பானே போதும். வெளியே எத்தனை செ.மீ. தெரிகிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதுங்கள். நோயாளியைப் புரட்டும்போது இழுபட்டு 2 செ.மீ. வெளியே வந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மறுபடி உள்ளே தள்ளவே கூடாது. அந்தக் கையில் பிபி கஃப் கட்டக் கூடாது. போட்ட அன்றே முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலே கைச் சுற்றளவை எழுதி வையுங்கள். 3 செ.மீ. கூடி வீக்கமும் இருந்தால் டாப்ளர். செடேஷனில் இருப்பவர் வலி சொல்ல மாட்டார், டேப்தான் சொல்லும்.

அடைத்தால்: முதலில் கிளாம்ப், மடிப்பு, டிரெஸ்ஸிங்குக்கு அடியில் முறுக்கு, இவற்றைப் பாருங்கள். கையை நீட்டிப் பாருங்கள். பிறகு, கடைசியாக என்ன மருந்து ஓடியது என்று கேளுங்கள். ரத்தக்கட்டி என்றால் ஆல்டிப்ளேஸ் (கட்டியைக் கரைக்கும் மருந்து) 2 மி.கி., 2 மி.லி.யில், டாக்டர் ஆர்டரோடு. முழு அடைப்பில் த்ரீ-வே வைத்து ஒரு பக்கம் காலி சிரிஞ்சால் உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கி, மறுபக்கம் திறந்தால் மருந்து தானே உள்ளே போகும். 30 நிமிடத்தில் ரத்தம் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் 120 நிமிடம் வரை விடலாம், இன்னும் ஒரு டோஸ் கொடுக்கலாம். ஆனால் ஃபெனிடாயினும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்ந்தோ, செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேர்ந்தோ படிந்த மருந்துப் படிவத்தில் ஆல்டிப்ளேஸ் ஒன்றும் செய்யாது. பார்மசியோடு பேசித்தான் அதைக் கரைக்க வேண்டும்.

---

இன்டென்சிவிஸ்ட்_மதுரை எழுதியது:

சிஸ்டர் சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்கிறேன்.

காய்ச்சல் வந்த உடனே பிக் லைனைப் பிடுங்க வேண்டாம். வேறு காரணம் தேடுங்கள். லைனிலிருந்தும் மறு கையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம், இரு பாட்டிலிலும் எங்கிருந்து எடுத்தது என்று எழுதி அனுப்புங்கள். லைன் ரத்தம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக பாசிட்டிவ் ஆனால் குற்றவாளி லைன்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸோ கேன்டிடாவோ வளர்ந்தால் எடுத்தே ஆக வேண்டும். நோயாளி ஷாக்கில் இருந்து, வேறு மூலம் தெரியவில்லை என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் எடுங்கள்.

ரத்தக்கட்டி வந்துவிட்டது, ஆனால் லைன் வேலை செய்கிறது, தேவையும் இருக்கிறது, இன்ஃபெக்‌ஷன் இல்லை என்றால் எடுக்க வேண்டியதில்லை. ஆன்டிகோயாகுலன்ட் தொடங்குங்கள், பொதுவாகக் குறைந்தது 3 மாதம். எடுத்துவிட்டு மறு கையில் போட்டால் அங்கேயும் கட்டி வரும். கட்டி வராமல் தடுக்க என்று பிக் லைனுக்காக மட்டும் ஹெப்பாரின் தொடங்குவதில் பலன் இல்லை.

எடுக்கும்போது மல்லாக்கப் படுக்க வைத்து, மெதுவாக. நடுவில் பிடித்துக்கொண்டால் வெயின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம், இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான ஒத்தடம் 20 நிமிடம் கொடுத்து மறுபடி முயலுங்கள், அப்போதும் வராவிட்டால் ரேடியாலஜியைக் கூப்பிடுங்கள். வந்ததும் நீளத்தை அளந்து, போட்ட அன்று எழுதிய எண்ணோடு ஒப்பிட்டு, நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அதற்குத்தான் போடும்போது எத்தனை செ.மீ.யில் வெட்டினோம் என்று அன்றே எழுதி வைக்க வேண்டும்.